ஒரு வாரப் பாடம்

1

இந்தக் கதை எனக்குச் சேற்றில் கிடைத்தது. பனி உருகும் ஏப்ரலில் எங்கள் வெர்மான்ட் மண்சாலைகள் காரைக் கவ்விக்கொண்டால் லேசில் விடாது. பக்கத்து வீட்டு வெர்லீனின் கார் அப்படி மாட்டிக்கொண்டதென்று தள்ளிவிடப் போனேன். உள்ளே அவளுக்கும் மகள் ஒடெட்டுக்கும் வாக்குவாதம்; கண்ணாடி இறங்கியிருந்தது. காதைப் பொத்திக்கொண்டு கார் தள்ள முடியுமா? கேட்டது பாதி, மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “நிறவெறிக்கு எதிரான கல்வியை அரசுப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் மசோதா, சட்டமன்றக் கல்விக் குழுவின் முன் விசாரணைக்கு வந்தபோது…”

செய்தித்தாள் வாடை. வேண்டாம்.

இரண்டாவது: “ஒடெட் என்ற கறுப்புச் சிறுமி கண்ணீர் மல்க…”

அவள் அழவே இல்லை. அழவைக்க எனக்குத்தான் ஆசை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பள்ளியில் ஒடெட் ஒருத்திதான் கறுப்புப் பிள்ளை. சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் அவளைக் குரங்கு என்றான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வெர்லீன் சீருடையோடே பள்ளிக்குப் போய் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். பதறிப்போன டீச்சர், தனக்குத் தெரிந்த மட்டும் அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். இது போதாது, எல்லாப் பள்ளியிலும் முறையாக வேண்டும் என்று வெர்லீன் நினைத்தாள். மசோதா வந்ததும் சாட்சி சொல்லப் பெயர் கொடுத்தாள். மகளுக்கு நடந்ததை எழுதி எடுத்துக்கொண்டு மாநிலத் தலைநகருக்குக் கிளம்பிய காலையில்தான் சேறு பிடித்துக்கொண்டது. பள்ளி விடுமுறை, ஒடெட்டும் கூட வரவேண்டியதாயிற்று.

3

“அத வாசிக்காதம்மா.”

“உன் பேரே வராதுடி. ‘ஒரு பொண்ணு’ன்னுதான் எழுதியிருக்கேன்.”

“பேரு எதுக்கு? சுவரோரமா நான்தானே உக்காந்திருக்கப் போறேன்.”

அந்தப் பையன் சொன்னதைச் சும்மா விட்டுவிடச் சொல்கிறாயா என்று வெர்லீன் கேட்டாள். பின் சக்கரம் வீணாகச் சுற்றி என் மேல் சேற்றை வாரி அடித்தது. அது நின்றபின் ஒடெட் சொன்னாள்:

“அவன் ஒரு வாட்டிதாம்மா சொன்னான். டீச்சர் ஒரு வாரம் பாடம் நடத்துனாங்க. கப்பல்னு சொன்னா எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. சங்கிலின்னு சொன்னா திரும்பிப் பாத்தாங்க. அவனை யாருமே பாக்கல.”

கார் எழும்பி ஓடிவிட்டது. வெர்லீன் எனக்கு நன்றி சொல்லவில்லை. மறந்திருப்பாள்.

4

(இந்த இடத்தில் கதாசிரியனுக்காவது தெளிவு இருக்கவேண்டும். இல்லை. அந்த டீச்சருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் வேறு மாதிரி நடத்தியிருப்பார். சட்டம் கேட்பது அதைத்தானே என்று வெர்லீன் பக்கம் சாய்கிறேன். சட்டத்துக்குப் பயந்து இன்னும் நூறு டீச்சர்கள் இதே பாடத்தை நடத்தினால் என்று நினைத்ததும் ஒடெட் பக்கம் வந்துவிடுகிறேன். இருதலைக்கொள்ளி எறும்பு. ஒரு சிறுமி இவ்வளவு கணக்காகப் பேசுவாளா என்றும் சந்தேகம். ஆனால் ‘அவனை யாருமே பாக்கல’ என்ற வரி மட்டும் என் சரக்கு இல்லை.)

5

குழு அறைக்கு நான் போகவில்லை. இனி எல்லாம் கற்பனை.

சின்ன அறை, நீண்ட மேசை. தலைவர் பெர்னிஸ் மாட்டுப்பண்ணைக்காரி. காலில் சேறு காயாத ரப்பர் பூட்ஸ். சாட்சி பேசுமுன் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் பேரும் ஊரும் சொல்வது இங்கே வழக்கம். சுவரோர நாற்காலிகளுக்கும் முறை வரும் என்பதை வெர்லீன் நினைத்துப் பார்க்கவில்லை.

“நீ யாரு கண்ணு?” என்றார் பெர்னிஸ், நல்ல மனசோடுதான்.

ஒடெட் பேரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். இனி ‘ஒரு பொண்ணு’ என்று ஒருத்தி அங்கே இல்லை.

வெர்லீன் காகிதத்தை வெளியே எடுத்தாள். வாசித்தால் மகளை இழப்பாள். வாசிக்காவிட்டால் இன்னொருத்தியின் மகளும் இதையே கேட்டு நிற்பாள். மகளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், அம்மா திரும்பினாலே எல்லாரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள்.

6

ஒரு முடிவு: வாசிக்கிறாள். மேசையைச் சுற்றிக் கண் கலங்குகிறது. திரும்பும் வழியில் ஒடெட் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு…

இல்லை.

இன்னொன்று: காகிதத்தை மடித்துவிட்டு, பொதுவாக நாலு வார்த்தை சொல்கிறாள். பெர்னிஸ் நன்றி சொல்லி அடுத்த பேரைக் கூப்பிடுகிறார். மசோதா கிடப்பில் போகிறது. அடுத்த வருஷம் வேறொரு சாப்பாட்டு வரிசையில்…

இதுவும் இல்லை.

அன்று என்ன நடந்ததென்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கலாம். வெர்லீன் சொல்லியும் விடுவாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகள் அம்மாவிடம் எதை வேண்டாமென்று கெஞ்சினாளோ, அதை ஊர் பேர் தெரியாத உங்களிடம் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டவன் நான்.

ஆகவே இவ்வளவுதான். வெர்லீன் காகிதத்தைப் பிரிக்கிறாள். அறை அடங்குகிறது.

“எங்க ஊர் ஸ்கூல்ல ஒரு பொண்ணு…”

மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இப்போது சுவரோரம் திரும்பிப் பார்த்தீர்கள் அல்லவா, ஒடெட் அதைக் கவனித்துவிட்டாள்.