மஞ்சள் நெற்றிக் கதிர்க்குருவி

ஒக்டோபரில் கதிர்க்குருவிகளை அடையாளம் காணக் கண் மட்டும் போதாது, துணிச்சலும் வேண்டும். வடக்கிலிருந்து வந்து இறங்குகிறவை எல்லாம் ஒரே மங்கல் பச்சை. சிறகில் வெள்ளைக் கோடு ஒன்றிருந்தால் ஓர் இனம், இரண்டிருந்தால் இன்னோர் இனம். கோடு தேய்ந்திருந்தால் சண்டை.

எங்கள் பறவை வட்டத்தில் துணிச்சலுக்குக் குறைவில்லாதவர் குண்டசாலை இராமநாதன், மாநகர சபையில் ஓய்வு பெற்றவர். புதுத் தலைவரைத் தெரிவு செய்யும் ஞாயிறுக்கு முதல் நாள், ஹந்தானை மலையில் எடுத்த படமொன்றை வாட்ஸ்அப்பில் போட்டார். நெற்றி மஞ்சளாக ஒரு கதிர்க்குருவி. கீழே, ‘இலங்கையில் முதற் பதிவு’ என்று தன் பெயரோடு. அது உறுதியானால் பதவி அவருக்குத்தான். போட்டியிடவிருந்த சுதர்சினியே வாழ்த்து அனுப்பிவிட்டாள். உறுதி செய்ய வேண்டியவர் பதிவுகளைச் சரிபார்க்கும் ஹபீலா. அவர் படங்களை நம்புகிறவர் அல்ல.

ஞாயிறு காலை அதே மலையில், தேயிலைக்கு மேலே, சிவப்பு பிரஷ் போலப் பூக்கும் மரத்தடியில் நின்றோம். இராமநாதன் கோயிலுக்குப் போய், நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்திருந்தார். குருவியும் வந்தது. பூக்களுக்குள் தலையை விட்டு விட்டு எடுத்தது. நெற்றி மஞ்சள்தான்.

“எழுதிக்கங்க மிஸ்,” என்றார் இராமநாதன்.

“கொஞ்சம் இரிங்க சேர். குருவியே அவசரப்படல்ல,” என்றார் ஹபீலா.

தூறல் விழுந்தது. குருவி ஈர இலைகளில் புரண்டது, தலையைத் தேய்த்தது, சிலிர்த்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. மஞ்சளைக் காணவில்லை. அது பூவின் மகரந்தம். மழை கழுவிவிட்டது. மிச்சம் இருந்தது, ஒக்டோபரில் மரத்துக்கு மரம் உட்காரும் வழக்கமான கதிர்க்குருவி.



“அதுவும் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கும்ணே,” என்றாள் சுதர்சினி. “ஒங்களுக்கும் கரையுது, தொடச்சுக்கங்க.”

இராமநாதன் துடைத்துக்கொண்டார். “இது எறகு மாத்துற காலம் தங்கச்சி. இவ்வளவு வேகமா மாத்துறத நாட்டுலயே மொதல்ல பாத்தது நாமதான்.”

“அதுக்கும் படம் ஈக்கா சேர்?” என்று கேட்டார் ஹபீலா.

பின்னேரம் சுதர்சினி தலைவியானாள். அவள் பெயரை முன்மொழிந்தவர் இராமநாதன். ‘வட்டத்தின் முதற் பெண் தலைவி’ என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் போட்டவரும் அவரே. அவளை முதலில் அடையாளம் கண்டவரின் பெயரும் கீழே இருந்தது.