மஞ்சள் குளித்த பசூன்

உடுவில் சோமசேகரம் மாஸ்டர் சைக்கிளில் ஆளுயர மரக்குழல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, அந்த ஒழுங்கையில் பாதிப்பேர் வேலியோரம்தான். குழலைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். வைத்தால் ஊருக்கு எப்படித் தெரியும்?

அது பசூன். மேல்நாட்டு வாத்தியக் குழுக்களில் அடித்தொண்டையில் முனகுகிற குழல். நூறு வருஷப் பழசு. பட்டணத்துக் குழுவில் அதை ஊதிவந்த, மீனவர் ஊரான குருநகர் அருட்பிரகாசத்துக்குப் பல்லெல்லாம் விழுந்துவிட்டது. குழுவில் கிளாரினெட் ஊதிய மாஸ்டருக்கே அதை விற்றார். கிளாரினெட்டுக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. இனிப் பசூன் இல்லையென்றால், யேசு பிறப்புக்கு நடக்கும் நத்தார்க் கச்சேரியில் மாஸ்டருக்கு இடமில்லை.

குழுவில் "அருளண்ணை, அருளண்ணை" என்று உருகுகிற மாஸ்டர், குழல் வாங்கப் போன அன்று அண்ணை வீட்டில் கோப்பி குடிக்கவில்லை. அண்ணையின் மனைவி லூர்த்தம்மா யோசித்து, வாய் படாமல் குடிக்கும் மூக்குப் பேணியில்தான் கொண்டுவந்தாள். "இப்பதான் வீட்டை குடிச்சனான்" என்றார். வீடு எத்தனை மைல் என்பது லூர்த்தம்மாவுக்கும் தெரியும்.

மாஸ்டர் வீட்டில் மனைவி மகாதேவி குழலைத் தொடவில்லை.

"மீன் தின்னிற வாய் வைச்சு ஊதினதெல்லோ? மஞ்சள் தண்ணி தெளியுங்கோ."

"வெளியாலை தெளிச்சால் காணும்."

"ஊதினது உள்ளாலையெல்லோ!"

மாஸ்டர் குழலைக் கழற்றத் தொடங்கினார். சுகாதாரம் என்றால் துணியால் துடைத்திருக்கலாம். தீட்டுக்குத்தான் மஞ்சள் வேண்டும். பசூன் ஒரு பகல் முழுக்கப் பெரிய கிடாரத்து மஞ்சள் தண்ணீரில் ஊறியது. மறுநாள் கிணற்றடி வெயிலில் காய்ந்து, 'டப்'பென்று வெடித்தது.

மாஸ்டர் சாப்பிடாமல் இருந்தார்; பிறகு குழலைத் திருத்த அருளண்ணையிடமே கொண்டுபோக வண்டில் பிடித்தார். மகாதேவிக்கு அது பொறுக்கவில்லை. "நானும் வாறன்" என்று வண்டிலில் ஏறினாள்.

அருட்பிரகாசம் வெடிப்பைத் தடவினார். விரலில் மஞ்சள் ஒட்டியது. லூர்த்தம்மா விடுவாளா?

"கோப்பிதான் வேண்டாமெண்டியள். குழலையும் முழுக வாத்துப்போட்டியளோ?"



"நான்தான் செய்விச்சது, அக்கா" என்றாள் மகாதேவி.

அருட்பிரகாசம் வெடிப்புக்குள் தேன்மெழுகு உருக்கி விட்டு, நூலால் இறுக்கிச் சுற்றினார். வாய் வைத்து ஊதுகிற சீவாளியும் மஞ்சளில் ஊறிப் பிளந்திருந்தது. கிழவர் தன்னுடைய கடைசிச் சீவாளியை எடுத்து, பழக்கதோஷத்தில் பொக்கை வாயில் வைத்து நனைத்துக் குழலில் செருகினார். பிறகுதான் நினைவு வந்து திடுக்கிட்டார்.

"பொறுங்கோ மாஸ்டர், கழுவித் தாறன்..."

"வேண்டாம் அண்ணை."

மாஸ்டர் அந்த ஈரத்தோடேயே வாயில் வைத்து ஊதினார். பசூன் முதலில் செருமியது. பிறகு வீடு நிறைய முழங்கியது. கிழவரின் கண் கலங்கியது.

மகாதேவி மெல்லக் கேட்டாள்: "அக்கா, கோப்பி கிடக்கே?"

லூர்த்தம்மா மூக்குப் பேணியைத் தேடி உள்ளே போனாள். "உது வேண்டாம். நீங்கள் குடிக்கிற பேணியிலையே தாங்கோ" என்றாள் மகாதேவி.

நத்தார்க் கச்சேரியில் பசூன் கொஞ்சம் கரகரத்ததாம். ஒழுங்கையில் யாரோ அதைக் குத்திக் காட்டியபோது மாஸ்டர் சொன்னார்:

"ஓம், கரகரக்கும். அது எங்கடை மஞ்சளின்ரை பிழை. மனிசன்ரை மூச்சிலை தீட்டில்லை. தீட்டெண்டு நினைக்கிற மனசிலைதான் அழுக்கு. கழுவுறதெண்டால் அதைக் கழுவுங்கோ."