மைக் செட் குடித்த பேட்டரி

மயிலம் முருகன் சத்தியமாக, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

எண்பத்து நாலாம் வருஷம், ஆவணி மாதம். தாலி கட்ட விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் புறப்பட்ட தேவநாதனின் அம்பாசிடர், விக்கிரவாண்டியில் டீ குடிக்க நின்றது. நின்றதுதான், அப்புறம் கிளம்பவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் பாட்டோடு போக வேண்டுமென்று சின்னதுரை மாமா மைக் செட்டைக் கார் பேட்டரியில் மாட்டியிருந்தார். டீ ஆறுவதற்குள் அது பேட்டரியைக் காலி செய்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரமே இருந்தது.

தேவநாதன் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "மாமா, தாலிய நான் கட்டறதா, வேற எவனாவது கட்டறதா?"

"பேஜார் பண்ணாத மாப்ளே, இரு!"

மல்லாட்டை மூட்டையோடு, வேர்க்கடலை விற்கச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த இருபது சைக்கிள்களை மாமா மறித்தார். எல்லாவற்றையும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, டைனமோ அத்தனையையும் ஒரே ஒயரில் சேர்த்துப் பேட்டரிக்குக் கொடுத்தார்.

"மிதிங்கய்யா, ஜல்தி! கல்யாண சாப்பாடு உண்டு!"

மிதித்த மிதியில் மூட்டைக்குள்ளேயே மல்லாட்டை வறுபட்டது. தேவநாதனின் தலைப்பாகை ஒரு சாண் எழும்பி நின்றது. பேட்டரி நிரம்பி வழிந்ததில், சாவி போடாமலே கார் பாய்ந்தது. டிரைவர் மாரியப்பன், "என்னையும் ஏத்திக்கினு போங்க!" என்று பின்னால் ஓடினார். திண்டிவனத்தில் இறங்கி மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தால், அவர்கள் விக்கிரவாண்டியை விட்ட நேரமே இன்னும் ஆகவில்லை. பெண் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

முருகன் மேல் சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தேவநாதன் நிஜத்தில் தாலி கட்டியது விழுப்புரத்தில், அவன் வீட்டுக்கு எதிர்ச் சத்திரத்தில். நடந்தே போனான்.