பாதி கோத்த திரை

அக்காவுக்கு வீட்டில் ‘குப்பைராணி’ என்று பெயர். பழைய சாமான் விற்பனை எங்கே நடந்தாலும் தங்கையைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். யாரோ கழித்துக்கட்டிய பிஸ்கட் டின் அவள் கைபட்டால் விளக்காகும். கிழிந்த லேஸ் பொம்மைக்குப் பாவாடையாகும். அத்தான் இருந்தவரை, தன்னை மட்டும்தான் ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று விட்டுவைத்திருக்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, அவள் விற்பனைப் பேச்சையே எடுக்கவில்லை. கண்ணாடிப் பொத்தான்களால் அவள் கோத்துவந்த ஜன்னல் திரை பாதியில் தொங்கியது.

மனசு கேட்காமல் தங்கைதான் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த விற்பனைக்கு அவளைக் கூட்டிப்போனாள். கைப்பிடி போன கோப்பைகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி. திறந்தால் கரும்பச்சைக் கண்ணாடிப் பொத்தான்கள். அந்தத் திரைக்காக இருவரும் வருஷக்கணக்கில் தேடி அலைந்த அதே நிறம். அக்காவின் முகம் மலர்ந்தது. பழைய அவசரத்தில் இடது கையாலேயே பெட்டியைத் தூக்கினாள். அது சரிந்து, பொத்தான்கள் தரையெங்கும் ஓடின.

முன்பின் தெரியாதவர்கள் மண்டியிட்டுப் பொறுக்கித் தந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. விற்றவர் காசே வேண்டாமென்று பெட்டியை நீட்டினார். அக்கா தலை நிமிரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை ஊசியில் நூலைக் கோத்து, பொத்தானைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். அக்காவின் இடது கையில் ஊசி நிற்கவில்லை. நழுவியது, மறுபடி நழுவியது. கடைசியில் தங்கை தானே கோக்க ஆரம்பித்தாள். அக்கா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும்டி. அது என்னோடது மாதிரி இல்ல.”

எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னாள். தங்கை எவ்வளவோ கெஞ்சியும் பிடித்த பிடியை விடவில்லை.

அடுத்த விற்பனையில் இருவரும் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தார்கள். டின்கள், லேஸ், பொம்மைத் தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாறின. காதணி செய்து விற்கும் பெண் ஒருத்தி திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அறுத்தால் பொத்தான்கள் சேதமில்லாமல் வருமா என்று கேட்டாள். தங்கை அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, இது விற்பனைக்கில்லை என்றாள்.

“கொடுத்துடு,” என்றாள் அக்கா.

“இது நீ பண்ணினது, அக்கா.”

“பண்ணினவ போயிட்டா. கை இருக்கிறவ வச்சுக்கட்டும்.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பைக்குள் அடங்கவில்லை என்று அங்கேயே கத்தரிக்கோலை எடுத்தாள். சரம் சரமாக அறுந்து விழுவதை அக்கா கடைசிவரை கண் கொட்டாமல் பார்த்தாள்.

சாயங்காலம் தங்கை, மறுநாள் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று நினைவுபடுத்தினாள்.

“எதுக்கு?” என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை.