எடுத்து ஒட்டும் பதில்

வரைபடம் வரையும் தன்னார்வலர்களின் இணையக் குழுவில் அதே கேள்வி மறுபடியும் வந்து நின்றது. "பொம்பளைங்களுக்கு மட்டும் எதுக்குத் தனி வகுப்பு? திறமை இருந்தா வரட்டுமே!"

குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கேள்விக்குச் சாவே கிடையாது. மாதம் நான்கு பேராவது கேட்பார்கள். குழுவில் எவரும் திருத்தக்கூடிய பொதுப்பக்கத்தில் எப்போதோ எழுதிவைத்த பதிலை அவளும் அப்படியே எடுத்து ஒட்டிவிடுவாள்.

இன்று கடையில் கூட்டமில்லை. ஒட்டுவதற்கு முன் அதை முழுதாகப் படித்தாள். 'வகுப்பில் யாராவது தொல்லை கொடுத்தால் இந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள்' என்ற கடைசி வரியில் இருந்தது அவளுடைய முகவரி இல்லை. பக்கத்தின் திருத்தப் பட்டியலைப் பார்த்தாள்; பெயர் போடாத யாரோ அதை மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஆறு மாதமாக ஒரு புகார்கூட வரவில்லை என்று வாய் கிழியப் பேசியவள் அவள். ஒன்பது பெண்கள் வகுப்பிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் விலகியபோது, வேலை அதிகமாக இருக்கும் என்று காரணம் சொன்னவளும் அவளே.

கைப்பேசி அதிர்ந்தது. அந்த முகவரியிலிருந்துதான்.

"என்னக்கா, இன்னும் பதில் போடலையா? எப்பவும் படிக்காமலே ஒட்டிடுவீங்களே."