கூழைக்கடாக்களுக்குப் புள்ளி போடுகிறவள்

மெல்பேர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பால் ஆலையின் ஆய்வுகூடத்தில் ஒருவர் என்னிடம், "நீ எந்த அணி?" என்று கேட்டார்.

இங்கே அது சாதாரணக் கேள்வி. யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், யாருடைய மகள் என்று கேட்பதைப் போன்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு கால்பந்து அணி இருக்க வேண்டும். இல்லாதவரை நினைத்து மற்றவர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு அது தெரியாது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலர் பார்க்கும்போது எனக்கு மூளை நின்றுவிடும். அண்ணா வீட்டுக் குசினி யன்னலால் தெரியும் பூங்காவில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் இருந்ததைச் சொன்னேன்.

"பெலிக்கன்ஸ்."

மேசையைச் சுற்றி ஒரு பெரிய சிரிப்பு. பெலிக்கன்ஸ் கால்பந்து அணியே அல்ல. எங்கள் புறநகரின் மூன்றாம் தர பேஸ்பால் அணி. அன்றிலிருந்து ஆய்வுகூடத்தில் நான் பகிடிக்காரி. அதன் பிறகு அங்கே நான் அதிகம் பேசவில்லை. ஆகவே அந்தப் பெயர் கெடாமல் இருக்கிறது.

சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டும் என்ற பயத்தில் அடுத்த ஞாயிறு பூங்காவுக்குப் போய் வேலியோரம் நின்றேன். பெலிக்கன்ஸ், அதாவது கூழைக்கடாக்கள், பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். தோற்பதைப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பக்கத்தில் கூட்டம் இருக்காது.

மூன்றாவது வாரம் மழை தூறியது. அணித் தலைவர் ரொன் என்னிடம் வந்தார். வாரநாட்களில் அவருக்குக் குழாய் பொருத்தும் வேலை. புள்ளி போடும் தன் மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, எனக்கு எழுத வருமா என்று கேட்டு, ஒரு புத்தகத்தையும் பென்சிலையும் நீட்டினார். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். ரொன்னின் குழந்தை இப்போது ஓடித் திரிகிறது. பென்சில் இன்னும் என்னிடம்தான்.

இந்த இரண்டு குளிர்காலங்களில் எனக்கு அணியைப் பற்றி நிறைய அபிப்பிராயங்கள் உண்டாகிவிட்டன. பந்தெறியும் கெவினுக்கு முதல் மூன்று சுற்றுக்குத்தான் கை இருக்கிறது. நான்காவதில் அது வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. இடதுபுறக் காவலர், வானத்தில் பந்து வந்தால் "என்னுடையது" என்று கத்துவார். எல்லோரும் விலகி நிற்பார்கள். பந்து அவருக்குப் பின்னால் விழும். முதல் தளத்தில் நிற்பவர் ரொன்னின் மனைவியின் தம்பி. மச்சானுக்கு இடம் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தவறு என்று காட்டவே அவர் அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்.

இவற்றில் ஒன்றையும் நான் ரொன்னிடம் சொன்னதில்லை. கோப்பை கழுவும்போது குழாயடியில் சொல்லுவேன். அண்ணாவின் மனைவி பவளம் மச்சாள் துடைத்து அடுக்கியபடி கேட்பா.

"உவை எப்பதான் வெல்லுவினம்?"

"அடுத்த வருசம், மச்சாள்."

"என்ர தம்பியும் சோதினைக்கு இதைத்தான் சொல்லுறவன்."

நான் இரசாயனப் பட்டதாரி. ஆதாரம் இல்லாமல் நம்பக்கூடாது என்று படித்தவள். மாதிரி போதாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. தோல்விகளின் மாதிரி தாராளமாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும், நாளைக்குக் கெவினின் கை நான்காவது சுற்றையும் தாண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எழுபத்துநான்காம் ஆண்டு ஓகஸ்டில் விடயம் முற்றியது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணி நான்காம் தரத்துக்கு இறங்கும். நான்காம் தர அணிகளுக்குச் சொந்த மைதானம் கிடையாது. பூங்காவை நகரசபை வேறொரு கழகத்துக்குக் கொடுத்துவிடும். கூழைக்கடாக்கள் ஒன்பது மைல் தள்ளி, முட்டைக்கோவாத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பொட்டலில் ஆட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பஸ் இல்லை.

மற்றவர்களுக்கு அது ஒன்பது மைல். எனக்கு அது முடிவு. இந்த நகரத்தில் யாரையும் கேட்காமல், யாரும் கூட்டிக்கொண்டு போகாமல், நானாக நடந்து போய் உட்காரும் இடம் அந்தப் பூங்கா மட்டும்தான். ஞாயிறு பின்னேரம் அது இல்லையென்றால், அண்ணாவின் சிநேகிதர் வீடுகளில் கதிரை நுனியில் இருந்து பலகாரம் சாப்பிட்டு, எப்போது கலியாணம் என்ற கேள்விக்குச் சிரிக்க வேண்டும். அண்ணா என்னைக் காரில் கொண்டுபோய் விடுவாரா என்று சாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஒன்பது மைல் ஓடிப்போய்த் தோக்கிறதைப் பாக்கவோ?" என்றார் சிறிதரன் அண்ணா. "எனக்கென்ன விசரே? உது கிரிக்கெட்டும் இல்லை, கிளித்தட்டும் இல்லை."

கடைசி ஆட்டம் கடற்கரைப் பக்கத்து ஸ்டிங்ரேஸ் அணியோடு. ஸ்டிங்ரே என்றால் திருக்கை என்று சொல்லியிருந்தேன். அண்ணா அதற்கும் ஒன்று வைத்திருந்தார்.

"திருக்கையெண்டா வறை வைச்சுச் சோத்தோட தின்னலாம். உங்கட கூழைக்கடாவை என்ன செய்யிறது?"

அன்று நம்ப முடியாதது நடந்தது. கெவினின் கை நான்காவது சுற்றைத் தாண்டியது. ஏழாவதையும் தாண்டியது. இடதுபுறக் காவலர் "என்னுடையது" என்றார், அது அவருடையதாகவே ஆனது. ஒன்பதாம் சுற்றில் திருக்கைகள் கடைசியாக மட்டை பிடிக்க வந்தபோது நாங்கள் நான்கு, அவர்கள் மூன்று. இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் போதும், பூங்கா எங்களுக்கு.

அப்போதுதான் அண்ணா என்னைக் கூட்டிப்போக வந்தார். குளிருகிறது என்று மச்சாள் கொடுத்த தேநீர்ப் போத்தலும் கையில் இருந்தது. வேலிக்கு வெளியே, என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் ஒராள், அண்ணா."

"வெல்லுறியளோ?" அவருடைய குரலில் உண்மையான அதிர்ச்சி.

நான் புத்தகத்தைப் பார்த்தேன். பிறகு மட்டையோடு நின்றவரைப் பார்த்தேன். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தேன்.

கிரிக்கெட்டில் தலைவர் நினைத்தால் யாரையும் எப்போதும் மட்டை பிடிக்க அனுப்பலாம். பேஸ்பாலில் முடியாது. ஒன்பது பேரின் வரிசையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது மாறாமல் சுற்றிச் சுற்றி வரும். இப்போது வர வேண்டியவர் சிவப்புத் தாடி வைத்த ஒரு பெரிய மனிதர். அன்று இரண்டு தடவை பந்தை வேலிவரை அடித்திருந்தார். அவர் தின்பண்டக் கடையில், 'பை' என்று இங்கே சொல்லும் இறைச்சிப் பணியாரம் வாங்கும் வரிசையில் நின்றார். அவருக்கு அடுத்தவர், நாள் முழுவதும் ஒரு பந்தையும் தொடாத மெலிந்த மூக்குக்கண்ணாடிக்காரர், தன் முறை என்று நினைத்து வந்து நின்றுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. நடுவரும் கவனிக்கவில்லை, ரொன்னும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

விதிப்புத்தகத்தில் புள்ளி போடுகிறவருக்கான அத்தியாயத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அதில் தெளிவாக இருந்தது. ஆள் மாறி நின்றால் புள்ளி போடுகிறவர் அதை நடுவரிடமோ இரண்டு அணிகளில் எவரிடமோ சொல்லக்கூடாது. அணிதான் கண்டுபிடித்து முறையிட வேண்டும்.

பேசாமல் இருப்பதுதான் விதி. எனக்காகவே எழுதிய விதி. என் வாழ்க்கை முழுவதும் அதற்குப் பயிற்சி எடுத்தவள் நான்.

கண்ணாடிக்காரர் ஒரு பந்துக்கு மட்டையை வீசினார். காற்று. முதல் ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் ஆட்டமிழப்பு. கெவின் களைத்திருந்தார். யாருக்கும் ஒருநாள் பந்து மட்டையில் படும். பட்டுவிட்டால்? பட்ட பிறகு முறையிட முடியுமா? அது எனக்குத் தெரியாது. மட்டை பிடிப்பவர்களுக்கான அத்தியாயத்தை நான் படிக்கவில்லை. என் வேலை இல்லையே என்று விட்டிருந்தேன். ஆய்வுகூடத்திலும் எனக்கு அதே பழக்கம்தான்.

மறுபடியும் காற்று. இரண்டாவது ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று.

அந்த நேரத்தில் என் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. நடுவரிடம் சொல்லக்கூடாது. அணிகளிடம் சொல்லக்கூடாது. அண்ணா எந்த அணியிலும் இல்லை. தமிழில் சொன்னால் வேறு யாருக்கும் விளங்காது. அண்ணா மெல்ல நடந்து போய் ரொன்னின் காதில் சொல்லலாம்.

"அண்ணா," என்றேன், திரும்பாமல். "அவன் ஆள் மாறி நிக்கிறான். இப்ப நிக்க வேண்டியது அங்க நிக்கிற தாடிக்காரன்."

"அப்ப சொல்லன்!"

"நான் சொல்லக்கூடாது. சட்டம்."

"எனக்குச் சொல்லலாமோ?"

"நீங்கள் ஒரு ரீமிலும் இல்லைத்தானே. மெல்லப் போய்..."

அண்ணா எதையும் மெல்லச் செய்து நான் பார்த்ததில்லை. கல்லூரி நாட்களில் விக்கெட்டின் பின்னால் நின்று முறையிட்டவர். தேநீர்ப் போத்தலை வேலிக்கு மேலே உயர்த்திப் பிடித்து, இரண்டு கைகளையும் விரித்து, பூங்கா முழுவதும் கேட்கக் கத்தினார்.

"அம்பயர்! ரோங் மேன்! ரோங் மேன்!"

நடுவர் திரும்பிப் பார்த்தார். பார்வையாளர் சத்தத்துக்கு அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, செய்யவும் இல்லை. ஆனால் திருக்கைகளின் தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து வரிசைத் தாளை எடுத்துப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். பை வரிசையை நோக்கி விசிலடித்தார்.

சிவப்புத் தாடிக்காரர் கையில் சூடான இறைச்சிப் பையோடு ஓடிவந்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்காரரிடம் கொடுத்து, அவரிடமிருந்து மட்டையை வாங்கினார்.

"பார்த்தியோ," என்றார் அண்ணா திருப்தியோடு. "நியாயம் எண்டு ஒண்டு இருக்குது."

நடுவர் எல்லோருக்கும் கேட்க விளக்கினார். மாறி நின்றவரின் முறை முடிவதற்கு முன் சரியான ஆள் வந்து நிற்கலாம். தண்டனை இல்லை. ஏற்கெனவே விழுந்த இரண்டு ஸ்ட்ரைக்கும் இவருக்குச் சேரும். அவ்வளவுதான். ரொன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கண்ணாடிக்காரர் தன் முறையை முடிக்கும்வரை காத்திருந்து முறையிட்டிருந்தால், தாடிக்காரர் மட்டையைத் தொடாமலே ஆட்டமிழந்திருப்பார். கண்ணாடிக்காரர் மூன்றாவது தடவையும் காற்றை அடித்திருந்தால் முறையீடே தேவையில்லை. எப்படிப் பார்த்தாலும் வெற்றி. தோற்பதற்கு இருந்தது ஒரே ஒரு வழி. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பட்டதாரி தேவைப்பட்டாள்.

கெவின் எறிந்தார். நல்ல பந்துதான். அதைக் குறையே சொல்ல மாட்டேன். தாடிக்காரர் அதை வேலிக்கு மேலால், மரங்களுக்கு மேலால், ஓடைக்கு அனுப்பினார். மூன்று பேர், 'வீடு' என்று சொல்லும் கடைசித் தளத்துக்கு நடந்தே வந்தார்கள். ஆறு, நான்கு. நான் எழுதினேன். எழுத்து சுத்தமாக இருந்தது.

அடுத்து வந்த கண்ணாடிக்காரர் மூன்று தடவையும் காற்றை அடித்து ஆட்டமிழந்தார். எங்கள் முறையில் மூன்று பேரும் முதல் பந்துக்கே மட்டை வீசி ஆட்டமிழந்தார்கள். கடைசியாக ஆட்டமிழந்தவர் மச்சான்.

ஆட்கள் கலைந்தார்கள். திருக்கைகளின் தலைவர் வேலியருகே வந்து அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, நேர்மையான மனிதர் என்றார். அண்ணா அதுவரை விடயம் விளங்காமல் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அப்போது விளங்கியது.

"யோகா," என்றார் மெல்லிய குரலில். "நான் கத்தாட்டில்?"

"வெண்டிருப்பம்."

"முன்னமே சொல்லுறதுக்கென்ன?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

அவர் தேநீர்ப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி, எனக்குத் தராமல் தானே குடித்தார்.

ரொன் வந்தார். முழங்கால்களில் மண். மேசைக்கு எதிரே நின்று, அந்த மனிதருக்கு வரிசை எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அண்ணா முந்திக்கொண்டு தனக்குத் தானாகவே தெரிந்தது என்றார், ஆங்கிலத்தில். முதல் தளம் எது என்று தெரியாத அண்ணா.

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

ரொன் என்னைப் பார்த்தார். இரண்டு வருடங்களில் என் குரலை முழு வாக்கியமாக அவர் கேட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, இனி கோவாத் தோட்டம்தான் என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, அங்கே பஸ் இல்லையே, நீ எப்படி வருவாய் என்றார்.

வரமாட்டேன் என்பதுதான் பதில்.

"நான் கூட்டிக்கொண்டு வருவேன்," என்றார் அண்ணா. போத்தல் மூடியைத் திருகியபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு ஞாயிறும்." பிறகு தமிழில், எனக்கு மட்டும்: "வாயைக் குடுத்ததுக்குத் தண்டனை. என்ன செய்யிறது."

ரொன் தலையசைத்தார். புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அதைப் பகிடியாகத்தான் கேட்டிருப்பார். போகத் திரும்பியும்விட்டார்.

"இருக்கிறது," என்றேன்.

கெவினில் தொடங்கினேன். நான்காவது சுற்றில் வேறொருவர் எறிய வேண்டும் என்றேன். முதல் பந்துக்கே மட்டை வீசுவதைத் தடைசெய்ய வேண்டும் என்றேன். ஆங்கிலம் இடையில் தடுக்கியது, பரவாயில்லை. ரொன் முதலில் நின்றபடி கேட்டார். பேச்சு மச்சானிடம் வந்தபோது பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியது. வேலிக்கு வெளியே அண்ணா திறப்புக் கொத்தைக் கிலுக்கினார்.

"யோகா, காணும் வா. மச்சாள் தேடுவா."

"பொறுங்கோ, அண்ணா. இன்னும் மூண்டு பேர் இருக்கினம்."