பாறைகள் கேட்ட பிரசங்கம்

ஆசீர்வாதத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அல்ல, பிரசங்கம் பண்ண. கர்த்தரே கனவில் வந்து கூப்பிட்டாராம். மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவனைத் தேடி வரக் கர்த்தருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி பூவாயி. போன வருஷம் இவனுக்கு நாடகத்தில் ராஜா வேஷம் கட்ட அழைப்பு வந்தது. அதற்கு முந்தின வருஷம் ஆர்மோனியம். இரண்டும் வந்த வழியே போய்விட்டன.

ஆனால் இந்தத் தடவை போதகரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து வாரங்களில் செஞ்சிக் கடைத்தெருவில் நின்று பிரசங்கம் பண்ணுவது சபையின் வழக்கம். பிரசங்கம் பண்ணிவந்த உபதேசியார் மாற்றலாகிப் போய்விட்டார். "சந்தை அன்னிக்கு நீ பேசு. நல்லா அமைஞ்சா உன்னையே உபதேசியாரா போடச் சொல்லி எழுதறேன்" என்றார் போதகர். அவ்வளவுதான், ஆசீர்வாதத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

வீட்டில் நட்சத்திரத்துக்கு மூங்கில் பிளக்க வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ரேஷன் அரிசியை ஊறவைத்து அதிரசத்துக்கு இடிக்க வேண்டும். எல்லாம் பூவாயி தலையில். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். வருஷத்தில் அவள் யாரையும் திட்டாமல் பாடிக்கொண்டே வேலை செய்கிற மாதம் அது ஒன்றுதான். புருஷனைத் திட்டுவது கணக்கில் சேராது. ஐயாவோ விடிந்ததும் ராஜகிரிக் கோட்டை மலையடிவாரத்துக்குப் போய்ப் பாறைகளைப் பார்த்துக் கத்திவிட்டு வருவார்.

"பாறைங்க இன்னா சொல்லிச்சி? ஞானஸ்நானம் எடுத்துக்கறேன்னுச்சா?"

"சிரி, சிரி. ஒரு வார்த்த வுடாம மனப்பாடம் பண்ணிட்டேன்."

"பாறை எதுத்துப் பேசாது. செஞ்சிக்காரன் பேசுவான்."

சொன்னாளே தவிர அவளுக்கும் பயம்தான். கோமாளிதான், ஆனால் அவளுடைய கோமாளி. நாலு பேர் முன்னால் அவன் முகம் சுருங்கிப்போவதை அவளால் தாங்க முடியாது. சந்தை அன்று மாவை மூடி வைத்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள்.

அரிகிருஷ்ணனின் டீக்கடைக்கு எதிரே முக்காலி போட்டு ஆசீர்வாதம் ஏறினான். பக்கத்தில் போதகர், அவருக்கு அந்தப் பக்கம் சபை மூப்பர் தேவநேசன். மூப்பர் சட்டைக்குப் போட்ட கஞ்சியில் ஒரு குடும்பம் பசியாறியிருக்கும்.

நன்றாகத்தான் தொடங்கினான். பிள்ளைத்தாய்ச்சி மரியாளுக்குப் பெத்லகேமில் தங்க இடம் கிடைக்கவில்லை என்ற கட்டம் வந்ததும், டீ ஆற்றிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன் குரல் கொடுத்தான்.

"இன்னாப்பா, சாமி பொறக்கறதுக்கு ஊர் பூரா ஒரு எடம் கூடவா இல்ல?"

கூட்டம் சிரித்தது. மனப்பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆசீர்வாதம் முதலிலிருந்து ஒப்பிக்கப் பார்த்தான். சிரிப்பு இன்னும் பெருத்தது. மூப்பர் இவன் யாரோ என்பதுபோல வேறு பக்கம் பார்த்தார்.

பூவாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைக் கேலி பண்ணுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான். இவர்களுக்கு யார் கொடுத்தது?

"எடம் இருந்திச்சி" என்று முன்னால் வந்தாள். "குடுக்கல. உன் கடையில பெஞ்சி காலியாத்தான கெடக்குது? எங்க சேரி ஆளுங்கள அதுல குந்த வுடறியா? தரையில குந்தவெச்சி, தனி கிளாசுல டீ ஊத்தறியே, அந்த மாதிரி ஆளுங்கதான் அந்த ஊர்லயும் கதவச் சாத்துனாங்க."

சிரிப்பு நின்றது. போதகர் முகம் மலர்ந்தது. அவள் அதோடு நிறுத்தியிருந்தால் ஆசீர்வாதம் அன்றைக்கே உபதேசியார். பூவாயி என்றைக்கு அதோடு நிறுத்தினாள்?

"டீக்கடைக்காரர மட்டும் சொல்லி இன்னா பண்றது? எங்க கோயில்ல மூப்பர் வூட்டு ஆளுங்களுக்கு பெஞ்சி. எங்களுக்குப் பின்னால பாயி. மாட்டுக் கொட்டாயில பொறந்தவரு வந்தா, மூப்பரே, எதுல குந்தவெப்பீங்க?"

அரிகிருஷ்ணன் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு மூப்பரின் பதிலுக்குக் காத்திருந்தான். மூப்பர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். போதகர் அவர் பின்னாலேயே ஓடினார். மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்: இனிப் பிரசங்கம் வேண்டாம், பாட்டு போதும். உபதேசியார் வேலைக்கு வேறு ஆள் பார்க்கிறார்களாம்.

பூவாயி அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். புருஷனின் ஆசையைத் தன் வாயே தின்றுவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது. அவன் பாறைகளிடம் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நட்சத்திரத்துக்குக் காகிதம் ஒட்டினான்.

அடுத்த சந்தை அன்று, மண்டியிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"வேணாம்னுட்டாங்களே, எங்க கெளம்பிட்ட?"

"என்னத்தான வேணாம்னாங்க. நீ வா."

டீக்கடைக்கு எதிரே பெட்டியை வைத்துத் துண்டால் தூசி தட்டினான். "கர்த்தர் கூப்ட்டது நெசம்தான் பூவாயி. பக்கத்துல படுத்திருந்த உன்னக் கூப்ட்டிருக்காரு. நான் முழிச்சிக்கினேன். ஏறு."

"ஓட்டப் பெட்டி. இது என்னத் தாங்குமா?" என்றாள், வழக்கமான இளக்காரத்தோடு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

"தாங்கும்" என்று சொல்லிவிட்டு, ஆசீர்வாதம் தெருவில் குந்தி, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.